அப்பாவின் கணினியில் மணிக்கொரு முறை தானே திறக்கும் விளம்பரம்: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

மலைப்பூண்டு (சனி, இரவு 9.20)

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையில் இருக்கும் என் அப்பாவின் கணினியைப் பற்றிக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். அப்பா ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். பூண்டு அழுகிவிட்டது என்று வேளாண்மை அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டுமென்றாலும், பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் தயாரிக்க வேண்டுமென்றாலும், கோயில் திருவிழா அழைப்பிதழைத் திருத்த வேண்டுமென்றாலும், ஊரார் அவரிடம்தான் வருவார்கள். அதற்காகவே விண்டோஸ் 10 உள்ள மேசைக்கணினி ஒன்றையும் அச்சுப்பொறி ஒன்றையும் வைத்திருக்கிறார்.

இரண்டு மாதங்களாக அந்தக் கணினியில் விளம்பரத் தொல்லை தாங்க முடியவில்லை. திரையின் வலதுபக்கக் கீழ்மூலையில் சிவப்பு நிறத்தில் சிறு கட்டங்கள் வந்து, கணினியில் வைரஸ் இருப்பதாகச் சொல்கின்றன. குரோம் உலாவியில் எதைத் தேடினாலும் வேறொரு தேடுபக்கம் திறக்கிறது. அப்பா கேட்காத ஒரு நீட்டிப்பு (உலாவியோடு ஒட்டி இயங்கும் சிறு நிரல்) குரோமில் உட்கார்ந்திருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது அதை நீக்கினேன், மறுநாள் காலையில் அப்படியே திரும்பி வந்திருந்தது. சில நேரம் சூதாட்டப் பக்கங்களும், பார்க்கக் கூசும் படங்களும் தாமாகவே திறக்கின்றன. மனு எழுத வந்த ஊர்ப் பெண்கள் இருவர் பக்கத்தில் அமர்ந்திருந்த நேரத்தில் அப்படியொரு பக்கம் திறந்துவிட்டது என்று அம்மா சொன்னார். அன்றிலிருந்து அப்பா வெளியார் முன்னால் கணினியைப் போடுவதே இல்லை. “நான் எதையும் தொடவில்லையம்மா” என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். குற்றம் செய்தவர்போல் அவர் பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் திண்டுக்கல்லில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மேலே போக முடிகிறது. அங்கே இணைய வேகம் மிகக் குறைவு. மழை பிடித்தால் அதுவும் இல்லை. அதனால் தேவையானவற்றை இங்கேயே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எதை, எந்த வரிசையில் செய்வது என்று சொல்லுங்கள்.

குன்னூர் பழுதுநீக்குநர் (சனி, இரவு 10.05)

சகோதரி, நீங்கள் சொல்வதை ஒரே நோயாக எண்ண வேண்டாம். கீழ்மூலையில் வரும் சிவப்புக் கட்டங்கள் பெரும்பாலும் கணினிக்குள் இருக்கும் எந்த நிரலிலிருந்தும் வருவதில்லை. ஏதோ ஒரு பக்கம் “அறிவிப்பு அனுப்பலாமா?” என்று கேட்டபோது “அனுமதி” அழுத்தப்பட்டிருக்கும், அந்தத் தளம் குரோம் வழியாக அனுப்பும் செய்திகள்தான் அவை. கட்டத்தை உற்றுப் பாருங்கள், குரோமின் பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். குரோம் அமைப்புகளில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’, அதற்குள் ‘தள அமைப்புகள்’, அதற்குள் ‘அறிவிப்புகள்’ என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத முகவரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தெரிவையும் இட்டுவிடுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

நீக்கிய நீட்டிப்பு திரும்பி வருவதுதான் கவனிக்க வேண்டியது. அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் வேறொன்று உள்ளே இருக்கிறது. இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன்பு எதையாவது பதிவிறக்கி நிறுவினாரா என்பதை அப்பாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். “என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது. “அந்த வாரம் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்று கேளுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை (ஞாயிறு, காலை 7.10)

எல்லாவற்றுக்கும் முன் இன்றே ஒன்றைச் செய்யுங்கள். திரையில் தோன்றும் எந்தத் தொலைபேசி எண்ணுக்கும் அழைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். என் அம்மாவின் மடிக்கணினியில் இதேபோல் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் திரை முழுவதும் நீலமாகி, எச்சரிக்கை ஒலியுடன் ஓர் எண் வந்தது. அம்மா பயந்துபோய் அழைத்துவிட்டார். மறுமுனையில் பேசியவர் மிகவும் பணிவாக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, சரிசெய்வதாக முக்கால் மணி நேரம் பேசி, அம்மாவின் கணக்கிலிருந்து 18,000 ரூபாயை எடுத்துவிட்டார். அம்மா எங்களிடம் அதைச் சொல்லவே இரண்டு நாள் ஆயிற்று. பணம் போனால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படி நீலத்திரை வந்தால் ஆல்ட் விசையையும் எஃப் 4 விசையையும் சேர்த்து அழுத்தலாம். அல்லது எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கலாம். எதுவும் கைகூடாவிட்டால் மின்சுவிட்சை அணைத்துவிடட்டும். பயந்து அழைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மலைப்பூண்டு (ஞாயிறு, மாலை 6.30)

ஆசிரியை அக்கா, காலையிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு முறை எண் வந்ததாம், அவர் அழைக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் படித்து மனம் கனத்துவிட்டது.

குன்னூர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். பள்ளியில் வருகைப் பதிவேடு போட்ட பழக்கம், தொல்லை தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து நாள், மணி, வந்தது என்ன என்று கோடு கிழித்துக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். அம்மாவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு நாளின் பக்கத்தை அப்படியே தருகிறேன்: “காலை 9.12 புதிய பக்கம், சூதாட்டம். 9.40 சிவப்புக் கட்டம். 10.12 புதிய பக்கம். 10.15, 10.31 சிவப்புக் கட்டம். 11.05 மின்சாரம் இல்லை. 11.40 கணினி போட்டேன், உடனே புதிய பக்கம். 12.12 புதிய பக்கம். 3.12 குரோம் மூடியிருந்தது, தானே திறந்தது.”

தொடங்கிய வாரத்தில் அவர் செய்துகொண்டிருந்த வேலையும் தெரிந்துவிட்டது. ஊர்ப் பொதுக்குழுவின் பழைய தீர்மானங்களும் மனுக்களும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. புதிதாக வந்த அலுவலர், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் மின்னஞ்சல் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். அதற்காக எழுத்துரு மாற்றி ஒன்றைத் தேடியிருக்கிறார் அப்பா. வந்த பக்கத்தில் “பதிவிறக்கு” என்று பச்சை நிறத்தில் நான்கு பொத்தான்கள் இருந்தனவாம். எல்லாவற்றிலும் பெரியதை அழுத்தியிருக்கிறார். மாற்றி வரவே இல்லை.

குன்னூர் பழுதுநீக்குநர் (ஞாயிறு, இரவு 8.45)

தலைமையாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படியொரு குறிப்பைக் கொண்டுவந்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

9.12, 10.12, 12.12, 3.12 என்ற ஒழுங்கைப் பாருங்கள். தளங்களின் அறிவிப்பு கண்ட நேரத்தில் வரும். மணிக்கொரு முறை ஒரே நிமிடத்தில் வராது. அத்துடன், மூடியிருந்த குரோமைத் திறந்திருக்கிறது. மின்சாரம் வந்து கணினியைப் போட்டவுடன் ஒருமுறையும் வந்திருக்கிறது. ஆகவே விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற பகுதியில், உள்நுழைந்ததும் ஒருமுறை, பிறகு மணிக்கொரு முறை இயங்கும்படி ஒரு பணியை எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் நீக்கிய நீட்டிப்பைத் திரும்ப வைப்பதும் அதே பணியாக இருக்கலாம்.

வரிசை முக்கியம். நீட்டிப்பை முதலில் நீக்கினால் அடுத்த மணியில் அது திரும்பிவிடும். எனவே முதலில் இணைய இணைப்பைக் கழற்றுங்கள். தொடக்கப் பட்டியில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, நூலகப் பகுதியில் உள்ள பணிகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, ‘ட்ரிகர்ஸ்’ என்ற பகுதியில் நேரத்தையும் ‘ஆக்‌ஷன்ஸ்’ என்ற பகுதியில் எதை இயக்குகிறது என்பதையும் பாருங்கள். பெயரை நம்ப வேண்டாம். ஏதோ ‘அப்டேட்’ என்று நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியை மறைவாகத் திறந்து, பயனரின் ‘ஆப்டேட்டா’ கோப்புறைக்குள் இருக்கும் ஒரு கோப்பை இயக்கச் சொல்லியிருந்தால் அதுதான். அந்தக் கோப்பின் பாதையை நோட்டில் எழுதிக்கொண்டு, பணியை நீக்குங்கள். பிறகு அந்தக் கோப்புறையை நீக்குங்கள். அது மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மறைந்தவற்றைக் காட்டும்படி முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து குரோம். முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் போட்டு, பாலிசி என்று தட்டுங்கள். அலுவலகங்களில் நூறு கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த உண்டாக்கப்பட்ட வசதி அது. வீட்டுக் கணினியில் அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு நீட்டிப்பைக் கட்டாயமாக நிறுவும் கட்டளை இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) குரோமுக்கான ‘பாலிசிஸ்’ பகுதிக்குச் சென்று, முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு, அதை நீக்க வேண்டும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் அங்கே எழுதுவதுண்டு, அவசரப்பட வேண்டாம். அதன்பின் நீட்டிப்பை நீக்கி, குரோம் அமைப்புகளை இயல்புநிலைக்குத் திருப்புங்கள். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அதனால் போகாது. மேசைத்திரையில் உள்ள குரோம் குறுவழியின் பண்புகளில், ‘டார்கெட்’ என்ற வரியின் கடைசியில் ஏதாவது முகவரி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் கையால் செய்த பிறகு, விட்டுப்போனதைத் துடைக்க ஆட்வ்கிளீனர் போதும். 2016-ல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கிய சிறிய மென்பொருள் அது. நிறுவ வேண்டியதில்லை, பென்டிரைவிலிருந்தே இயங்கும். தேடுபக்கத்தின் மேலே வரும் விளம்பர இணைப்பில் போகாமல், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். கடைசியாக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. கணினி மறுதொடக்கமாகிக் கால்மணி நேரம் ஓடும். மின்சாரம் நிலையாக இருக்கும் வேளையில் செய்யுங்கள்.

அப்பா தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. 2017-ல் ஃபயர்பால் என்ற விளம்பர நிரல், இலவச மென்பொருள்களுடன் ஒட்டிக்கொண்டே உலகெங்கும் பரவியது. 25 கோடிக் கணினிகள் என்றும், அவற்றில் இந்தியாவில் மட்டும் இரண்டரைக் கோடி என்றும் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பாதியாகக் கொண்டாலும் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

லினக்ஸ் வழி (ஞாயிறு, இரவு 10.30)

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்தப் பணிகளுக்குச் செலவிடும் நேரத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிவிடலாம். மனு எழுத லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் நிறுவாவிட்டாலும், உள்ளே இயங்கிய நிரல் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸையே அழித்துப் புதிதாக நிறுவுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

குன்னூர் பழுதுநீக்குநர் (திங்கள், காலை 6.50)

நண்பர் சொல்வதில் இரண்டாவது பகுதியை மதிக்கிறேன். தெரியாத கட்டளைக்கோப்பு இரண்டு மாதம் ஓடிய கணினியில் தட்டிய கடவுச்சொல் எதுவும் இரகசியமாக இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. சகோதரி, அப்பாவின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை உங்கள் கைப்பேசியிலிருந்து இன்றே மாற்றுங்கள். அவர் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்தவராக இருந்தாலோ, தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஏதாவது அகப்பட்டாலோ, நானும் அழித்து நிறுவத்தான் சொல்வேன். இல்லாவிட்டால் முதலில் துடைத்துப் பார்க்கலாம்.

புதிய இயங்குதளம் பற்றி: எழுபது வயதில் ஒருவர் பழகிய மேசையை ஒரே இரவில் மாற்றக் கூடாது. விண்டோஸ் 10-க்கு வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதைப் பதிவு செய்துவிட்டு, மாற்றத்தை அவரோடு பேசி நிதானமாகச் செய்யலாம்.

தட்டச்சுப் பயிலகம் (திங்கள், காலை 11.15)

நுழைந்த வழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நாளைக்குக் கணினி தூய்மையாகிவிடும். ஆனால் ஐயாவின் பழைய மனுக்கள் பாமினியிலேயே இருக்கும். அலுவலர் மறுபடி கேட்பார், ஐயா மறுபடி தேடுவார், அதே பச்சைப் பொத்தான் அங்கே காத்திருக்கும். மாற்றி அவருக்குத் தேவை. அந்தத் தேவைக்குச் சரியான வழியை நாம் காட்டித் தர வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் “அம்மா” என்ற சொல், ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்கள் உண்டு. 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது; ஆனால் ஊர்களில் கிடக்கும் பழைய கோப்புகளை மாற்றித் தர யாரும் வரவில்லை. ஐயாவைப் போன்ற எத்தனையோ பேர் அதனால்தான் இப்படிப்பட்ட பக்கங்களில் போய் விழுகிறார்கள்.

பாமினியை மாற்ற எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் ஒட்டினால் மறுபெட்டியில் யூனிகோடாகத் தரும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. நீங்களே ஒன்றைச் சோதித்து, அதைப் புத்தகக்குறியாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர் தேடவே வேண்டாம். ஆதார் எண், கணக்கு எண் உள்ள பத்திகளை மட்டும் ஒட்டாமல் கையால் தட்டட்டும். புதிதாக எழுதுவதற்கு விண்டோஸ் 10-லேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. பாமினி விசைகளில் கை பழகியிருந்தால், என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அதே விசைகளால் யூனிகோடில் எழுதலாம்.

மலைப்பூண்டு (அடுத்த ஞாயிறு, இரவு 9.50)

நேற்று மதியம் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நல்ல மழை, எதிர்ச்சரிவின் படிக்கட்டு வயல்கள்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. அப்பா கணினியின் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்துவிட்டு, நோட்டையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இணைப்பைக் கழற்றினோம். டாஸ்க் ஷெட்யூலரில் இருபதுக்கு மேற்பட்ட பணிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நான் சொடுக்க, அப்பா நேரத்தை வாசித்தார். பதினான்காவதில் நிறுத்தினார். “பன்னிரண்டு நிமிடம் இங்கே இருக்கிறது பார்” என்றார். அண்ணா சொன்னபடியே, உள்நுழைந்ததும் ஒருமுறை, பிறகு மணிக்கொரு முறை, பவர்ஷெல், ஆப்டேட்டாவுக்குள் பொருளற்ற எழுத்துகளால் ஆன ஒரு கோப்புறை. அந்தக் கோப்புறை உருவான தேதி, அவர் மாற்றி தேடிய அதே நாள்.

பாலிசிப் பக்கத்தில் அந்த நீட்டிப்பு இருந்தது. எல்லாவற்றையும் நீங்கள் சொன்ன வரிசையில் நீக்கினோம். அறிவிப்புப் பட்டியலில் மட்டும் பதினேழு தளங்கள். ஆட்வ்கிளீனர் மேலும் ஆறு பொருள்களைக் கண்டது. ஆஃப்லைன் ஸ்கேன் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இன்று காலை மீண்டும் ஓட்டினேன், எதுவும் அகப்படவில்லை. தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதுவும் இல்லை. வங்கிக்கு அப்பா இன்றும் நேரில்தான் போகிறார். அதனால் அழித்து நிறுவவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். டிஃபெண்டரில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் தெரிவு அணைந்திருந்தது, அதையும் போட்டுவிட்டேன்.

ஒன்றில் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. அப்பாவின் கணக்கைச் சாதாரணப் பயனர் கணக்காக மாற்றினால், எதை நிறுவினாலும் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும். அதை நான் வைத்துக்கொள்வதா? அவருடைய கணினிக்கு நான் பூட்டுப் போடுவதுபோல் இருக்கிறது.

கோத்தகிரி ஆசிரியை (ஞாயிறு, இரவு 10.20)

கடவுச்சொல்லை அப்பாவிடமே கொடுங்கள். அவர் கையாலேயே அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். கடவுச்சொல் கேட்கும் அந்தக் கட்டம் வரும்போது, எழுந்துபோய் நோட்டை எடுத்துப் பார்க்கும் நேரத்தில் “நான் எதை நிறுவப் போகிறேன்?” என்று ஒருமுறை யோசிக்க முடியும், அதற்குத்தான் அது. என் அம்மாவிடமிருந்து நாங்கள் எல்லாவற்றையும் பறித்து வைத்துக்கொண்டோம். அதன்பின் அவர் அந்த மடிக்கணினியைத் தொடவே இல்லை. அதை இன்றும் எண்ணி வருந்துகிறேன்.

மலைப்பூண்டு (இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.10)

அக்கா சொன்னபடியே செய்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவே எழுதிக்கொண்டார்.

பழைய தீர்மானங்களில் நாற்பத்திரண்டு பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றி முடித்துவிட்டார்; சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறி வந்தவற்றைச் சிவப்பு மையால் அச்சுப்படியில் குறித்துத் திருத்தியிருக்கிறார். பூண்டு இழப்பீட்டு மனு செவ்வாயன்று மின்னஞ்சலில் போனது. நேற்று மாலை பக்கத்து வீட்டு அத்தை மனு எழுத வந்தபோது, கணினியை அவர் முன்னாலேயே போட்டாராம், அம்மா சொன்னார்.

தொல்லைக் கட்டங்கள் போட்ட நோட்டில், நான் வந்துபோன நாளுக்குப் பிறகு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “வியாழன் காலை 10.26. அத்தை கைப்பேசியில் பார்த்த செய்தித்தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டது. ‘தடு’ அழுத்திக் கொடுத்தேன்.”